நல்லா இருக்கேன்

சந்தனமாரியைத் தூக்கி வேனில் கிடத்தியபோது அவள் மணிக்கட்டில் இருந்த பட்டை மூன்று முறை அதிர்ந்தது. பிறகு இனிமையான பெண் குரலில் கேட்டது: "நல்லா இருக்கீங்களா?"

முத்துப்பேச்சியின் ஆள்காட்டி விரல் தானாகப் போய், "நல்லா இருக்கேன்" என்ற பச்சைப் பொத்தானை அமுக்கியது. அமுக்கிய பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. "நன்றி, வேலையைத் தொடரலாம்" என்றது பட்டை. சந்தனமாரியின் வாய் திறந்தபடி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே வெயில் தாக்கி உயிர் போய்விட்டது என்று டாக்டர் பிறகு எழுதிக் கொடுத்தார். அவள் தலையை மடியில் ஏந்தியிருந்த முத்துப்பேச்சிக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளாங்கரையில் உப்பளங்களை மூடிவிட்டுச் சூரியத் தகடுகளை நட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கறுப்புக் கண்ணாடிதான். கடல் காற்றில் உப்பும் புழுதியும் சேர்ந்து வந்து தகட்டில் அப்பிக்கொள்ளும்; வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் மின்சாரம் பாதியாகிவிடும். முதலில் கழுவுவதற்கு ரோபோக்கள் வாங்கினார்கள். உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் அவை துருப்பிடித்து மடங்கி உட்கார்ந்துவிட்டன. பெண்கள் துருப்பிடிப்பதில்லை என்பதைக் கம்பெனி அதற்குப் பிறகு கண்டுபிடித்தது. முப்பத்தொரு பேரை வேலைக்கு எடுத்தது.

ஆளுக்கொரு பட்டை கொடுத்தார்கள். நாடித்துடிப்பு, தோலின் சூடு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை நல்லா இருக்கீங்களா என்று கேட்கும். பச்சை அமுக்கினால் வேலை தொடரும். "முடியல" என்ற சிவப்பை அமுக்கினால் இருபது நிமிடம் நிழல். கேட்பதற்கு எவ்வளவு அக்கறையாக இருக்கிறது! ஆனால் கழுவுகிறவர்கள் மணிக்கட்டு வரைக்கும் தடித்த ரப்பர் உறை போட்டிருப்பார்கள். உறை போட்ட விரலுக்கு அந்தப் பொத்தான் அசையாது. ஒவ்வொருத்தியும் உறையைக் கழற்றி மாட்டினால் வரிசை நின்றுவிடும். குழாய் பிடிக்கிற முத்துப்பேச்சிக்கு மட்டும் உறை கிடையாது. அதனால் பட்டைகள் கேட்கும்போதெல்லாம் அவள் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, நீட்டிய கைகளில் எல்லாம் பச்சையை அமுக்கிக்கொண்டே போவாள். "நீயே எல்லாருக்கும் அமுக்கிரு பேச்சி" என்று மேற்பார்வையாளர் சேர்மராஜ் சொல்லி இரண்டு வருடமாக நடந்துவந்த பழக்கம் அது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

சந்தனமாரியின் காரியம் முடிந்த மறுநாளே வேலை தொடங்கியது. பேச்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் செயலி வேண்டுமென்றால் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. போனை வாயருகே வைத்து இன்னது வேண்டும் என்று சொன்னால், டீ ஆறுவதற்குள் செயலி தயார். பேச்சியும் சொன்னாள். "வெயிலு ஆளைக் கொல்லுத அளவுக்குப் போச்சுன்னா போன் செவப்பாகிக் கத்தணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

செயலி வந்தது. அழகாகத்தான் இருந்தது, மூலையில் ஒரு குட்டிச் சூரியன்கூடச் சிரித்தது. மறுநாள் அரை மணி ஆனதும் அது கேட்டது: "நல்லா இருக்கீங்களா?"

அதை அழித்துவிட்டு, "எங்கிட்ட எதுவும் கேக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லி இன்னொன்று செய்யச் சொன்னாள். அது கேட்கவில்லை, சிரிக்கிற முகம் ஒன்றையும் அழுகிற முகம் ஒன்றையும் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னது. மூன்றாவது, "இன்றைய உடல்நிலை?" என்றது. ஒன்பதாவது தடவையும் அதே கேள்வி வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, பேச்சி போனைத் தூக்கி அரிசி மூட்டை மேல் எறிந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் இ-சேவை மையம் நடத்திய ஹமீதா பானுவிடம் அவள் போனது அப்படித்தான். ஹமீதாவுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சியைவிட நாலைந்து வயது மூத்தவள். பெங்களூரில் பதினாறு வருடம் நிரல் எழுதிச் சம்பாதித்தவள். எழுதுகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட அன்று, கம்பெனி ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தது. இப்போது சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் கோபத்துக்குக் குறைவில்லை. அடுக்கி மடித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"நீ எத்தனை தடவை சொன்னாலும் அது அந்தக் கேள்வியை எடுக்காது" என்றாள் ஹமீதா. "வேலை செய்யிற இடத்துக்குன்னு தெரிஞ்சதும், பாதுகாப்புத் தொகுப்புன்னு ஒண்ண எடுத்து ஒட்டிரும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே தொகுப்புதான். உங்க பட்டைக்குள்ள இருக்கறதும் அதேதான்."

"அது எதுக்குக்கா கேட்டுக்கிட்டே இருக்கு?"

"கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்குது. உன் நாடி நூத்தி நாப்பது அடிக்கும்போது நீ நல்லா இருக்கேன்னு சொல்றேன்னு வை. சரி, இவளுக்கு நூத்தி நாப்பது இயல்புன்னு குறிச்சுக்கும். அப்புறம் நூத்தி ஐம்பது வந்தாத்தான் கவலைப்படும். அப்பவும் நல்லா இருக்கேன்னா, அதையும் இயல்புன்னு எழுதிக்கும். ஆளுக்குத் தக்க அளவுன்னு அதுக்குப் பேரு. விருதெல்லாம் வாங்கியிருக்கு."

"அப்போ நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லுதவளத்தான் அது முதல்ல கொல்லும்."

"ஆமா."

"எங்க ஊருல அந்தக் கேள்விக்கு வேற என்னத்தக்கா சொல்லுவாங்க?"

உண்மைதான். புருஷனை அடக்கம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வருகிறவளிடம் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பாள். பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று மருந்துக்கு நிற்கிறவளும் முதலில் நல்லா இருக்கேன் என்றுதான் ஆரம்பிப்பாள். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது, வருகிற கெடுதலுக்கு வாசற்கதவைத் திறந்து வைப்பதுபோல. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். பதிலை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். பட்டைக்கு முகம் பார்க்கத் தெரியாது. சென்னையில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அதைச் செய்தவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சும் தெரிந்திருக்கவில்லை.

"அதுவும் அவ சொல்லல அக்கா" என்றாள் பேச்சி. "அமுக்குனது என் விரலு. ரெண்டு வருசமா அவளுக்கு இது தாங்கும், அது தாங்கும்னு அந்தச் சனியனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான்."

ஹமீதா எழுந்து வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினாள். பழைய மடிக்கணினி ஒன்றை மேஜையில் வைத்துத் திறந்தாள். "கேள்வி கேக்காத செயலி வேணும்னா கையால எழுதணும். இப்போ யாரும் எழுதறதில்ல. போன்ல சோதனைக்குன்னு ஒரு கதவு மட்டும் இன்னும் மூடாம விட்டிருக்காங்க, அது வழியா உள்ள போடலாம். நான் எழுதித் தந்தா அரை மணி நேரம்."

"வேண்டாம். ஏற்கெனவே ஒண்ண என்னன்னு தெரியாமத்தான் ரெண்டு வருசம் அமுக்கிட்டேன். இதுல ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்யிதுன்னு எனக்குத் தெரியணும். நான் எழுதுதேன். நீங்க சொல்லிக்குடுங்க."

வேலை இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குப் பேச்சி மையத்தில் இருப்பாள். முதல் நாள் பாடம், திரையில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு பொத்தான். அமுக்கினால் எழுத்து மாற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கில எழுத்துகளைத் தேடித் தட்டுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. ஓட விட்டால் சிவப்பில் ஒரு பத்தி திட்டு வந்தது.

"என்னக்கா திட்டுது?"

"ஒரு அடைப்புக்குறிய மூடாம விட்டுட்ட."

"அம்புட்டுக்கா இந்தப் பேச்சு?"

"இது திட்டுறது நல்லதுக்கு, பேச்சி. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுது. உங்க பட்டை மாதிரி நன்றி சொல்லல."

பேச்சிக்கு அது பிடித்துப்போனது. குறியை மூடினாள். ஜன்னல் வந்தது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். அமுக்கினாள், எழுத்து மாறியது. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தாள். சொன்னதை மட்டும் செய்தது. சொல்லாத எதையும் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் தன் சொல்லுக்கு அப்படியே கட்டுப்பட்ட ஒரே பொருள் இதுதான் என்று தோன்றியது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்து இஃப். "இப்படி இருந்தா இதைச் செய். அவ்வளவுதான் இஃப்" என்றாள் ஹமீதா. அதுதான் பேச்சிக்கு வேண்டியிருந்ததும். அந்தக் காலத்துப் போன்களில் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அளக்கிற கருவி உள்ளேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிற கணக்கை ஹமீதா விளக்கினாள்.

"வெறும் சூட்டால ஆள் சாகறது குறைவு. காத்துல ஈரம் இருந்தா வியர்வை காயாது. காயலன்னா உடம்பு ஆறாது. அதனால ஈரச்சூடு பாக்கணும். முப்பதுக்கு மேல போனா வெளிய வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"சட்டமே இருக்கா? பெறகு எப்படி எங்கள நிப்பாட்டி வச்சிருந்தாங்க?"

"ஆளுக்குத் தக்க அளவு காட்டுற கருவி வச்சிருந்தா, அந்த அளவுப்படி நடந்துக்கலாம்னு அதே சட்டத்துல ஒரு வரி."

பேச்சி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். இஃப்பையும் முப்பதையும் மேஜை அதிரத் தட்டினாள்.

மூன்று வாரம் போனது. கமா விட்டாள், பெயரை மாற்றி எழுதினாள், ஒரு நாள் முழுதும் எழுதியதைச் சேமிக்காமல் மூடினாள். ஹமீதா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் நாற்பது வரியில் போனுக்கான செயலி வந்துவிட்டது. மடிக்கணினிக்கு இன்னொன்று: முப்பது பெயருக்கு முப்பது கட்டம், யார் போன் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒரே ஜன்னலில் தெரியும். செயலியை மூடித் திறந்து பச்சையாக்கி யாரும் ஏமாற்றக் கூடாது என்று, கடைசி நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்தார்கள்.

சோதிப்பதற்கு ஹமீதா வீட்டு இட்லிப் பானை உதவியது. ஆவி வருகிற பானைக்கு மேலே போனைப் பிடித்தாள் பேச்சி. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பத்தொன்றில் திரை முழுக்கச் சிவந்து ஊளையிட்டது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். மடிக்கணினியிலும் ஒரு கட்டம் சிவந்திருந்தது. பேச்சிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஹமீதா சோதித்ததை அழித்துச் செயலியைப் போனில் புதிதாக ஏற்றினாள்; அன்றைக்கு மையத்தை மூடிவிட்டுப் பிரியாணி வாங்கி வந்தாள்.

விசாரணை ஏப்ரல் கடைசியில் நடந்தது. கம்பெனி அலுவலகம், குளிரூட்டிய அறை. தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். சென்னையிலிருந்து நிவேதிதா என்ற அதிகாரி வந்திருந்தாள். பட்டைக்குள் இருக்கிற அறிவை உருவாக்கிய குழுவுக்குத் தலைவி. முப்பதைத் தாண்டாத வயது, மரியாதையான பேச்சு. சேர்மராஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் பேச்சியும், அவளோடு தகடு கழுவுகிற காளியம்மாள் மதினியும் இருந்தார்கள்.

"சந்தனமாரிக்கு நடந்தது எங்க எல்லாருக்குமே ரொம்ப வருத்தம்" என்றாள் நிவேதிதா. "ஆனா பட்டை அவங்களை அரை மணிக்கு ஒரு தடவை கேட்டிருக்கு. ஒன்பதரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஆறு தடவை. ஆறுக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு தடவை முடியலன்னு சொல்லியிருந்தா நாங்க காப்பாத்தியிருப்போம்."

"பன்னெண்டு மணிக்கும் சொன்னாளாம்மா?" என்று கேட்டாள் பேச்சி.

"ஆமா. பதிவு இருக்கு."

"சார், டாக்டர் சீட்டுல உயிர் போனது எத்தனை மணின்னு போட்டிருக்கு?"

ஆய்வாளர் தாளைப் புரட்டினார். "பதினொண்ணே முக்கால் வாக்கில்னு இருக்கு."

"செத்துக் கா மணி நேரம் கழிச்சு அவ நல்லா இருக்கேன்னு சொன்னாளாம்மா?"

பேச்சி எழுந்து நின்றாள்.

"அது நான் அமுக்குனது. பன்னெண்டு மணிக்கு மட்டும் இல்ல, ஆறும் நான்தான். ரெண்டு வருசமா முப்பத்தோரு கையிலயும் நான்தான் அமுக்குதேன். உங்க பட்டை முப்பத்தோரு உடம்பப் படிச்சிச்சுன்னு நெனச்சீங்களா? அது படிச்சது என் ஒத்த விரல."

சேர்மராஜ் துள்ளினார். "பாத்தீங்களா மேடம்! இவளே ஒத்துக்கிட்டா! இவ மேலதான் கேஸ் போடணும்!"

"போடுங்க சார். ஆனா 'வரிசை நிக்கப்படாது, நீயே எல்லாருக்கும் அமுக்கிரு'ன்னு சொன்னது யாருன்னும் சேத்து எழுதுங்க. உறை போட்ட கையால அமுக்க முடியாத பொத்தானை எவன் செஞ்சான்னும் எழுதுங்க."

"சேர்மராஜ் சார் பேச்சிகிட்ட அப்படிச் சொன்னது நெசந்தான்" என்றாள் காளியம்மாள் மதினி. "முப்பது பேரும் சாட்சி சொல்லுவோம்."

ஆய்வாளர் நிவேதிதாவைப் பார்த்தார். "பன்னெண்டு மணிப் பதிவை முழுசா வாசிங்க."

அவள் திரையைத் தொட்டாள். முகம் மாறியது. வாசிக்க மனமில்லாமல் நிமிர்ந்தாள். ஆய்வாளர் காத்திருந்தார்.

"நாடித்துடிப்பு பூஜ்யம்" என்று மெல்ல வாசித்தாள். "நலமாக இருப்பதாகப் பயனர் தெரிவித்தார். இவருக்கான இயல்பு அளவு திருத்தப்பட்டது."

காளியம்மாள் மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சிக்கு அந்த அறையின் கண்ணாடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்போல இருந்தது. பொணத்தைக்கூட வேலைக்கு ஏற்றதாகக் குறித்துவைத்த ஒன்றைத்தான் இவ்வளவு நாளும் கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அன்றே பட்டைகளைத் தடை செய்து ஆய்வாளர் எழுதினார். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் திறந்தவெளியில் ஒரு ஆளையும் நிறுத்தக் கூடாது. புதுப் பட்டை வர மூன்று மாதம் ஆகும் என்றாள் நிவேதிதா. மூன்று மாதம் கழுவாவிட்டால் தகடுகள் உப்பில் மூழ்கிவிடும்; அது எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் பேச்சி தன் போனை மேஜையில் வைத்தாள்.

"இது இருக்கு. நான் எழுதுனது."

நிவேதிதா நாற்பது வரியையும் மேலோட்டமாகப் பார்த்தாள். "கையாலயா எழுதினீங்க?" என்று வியந்தாள். படித்துப் பார்க்கவில்லை; அவள் அலுவலகத்தில் யாரும் நிரலைப் படிப்பதை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. தன் இயந்திரத்திடம் கொடுத்தாள். "தீங்கு செய்யும் வரி எதுவும் இல்லை" என்றது அது. உடன்பாடு எழுதினார்கள்: மூன்று மாதத்துக்கு இந்தச் செயலி. சிவப்பாக இருக்கும்போது வேலை இல்லை. எழுதியவரின் சம்மதம் இல்லாமல் யாரும் இதில் கைவைக்கக் கூடாது. கடைசி நிபந்தனை ஆய்வாளர் சேர்த்தது. நிவேதிதா கையெழுத்துப் போட்டாள்.

மறு வாரம் திங்கட்கிழமை முதல் நாள். காலை பத்து ஐம்பதுக்கு முப்பது போன்களும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. பெண்கள் தூரிகையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு லேசாக இருந்தது அது.

பன்னிரண்டரை மணிக்குக் கடலிலிருந்து மேகம் ஏறி ஒரு தூறல் போட்டது, காற்று குளிர்ந்தது. போன்கள் சிவப்பாகவே இருந்தன. இரண்டு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு வந்தபோதும், தூறலில் நனைந்த தகடுகளுக்கு நடுவே, முப்பது போன்களும் சிவப்பாகவே இருந்தன.

"என்ன இழவுடி இது?" என்று கத்தினார் சேர்மராஜ். "குளிருதே!"

"செவப்பா இருந்தா வேலை இல்லன்னு மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்" என்றாள் காளியம்மாள் மதினி. முப்பது பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

பேச்சி மட்டும் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது. மையத்துக்கு ஓடினாள். ஹமீதா நிரலை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முப்பதுக்கு மேல போனா சிவப்புன்னு எழுதியிருக்க. கீழ வந்தா பச்சைன்னு எழுதவே இல்ல. இல்லன்னா இதைச் செய்னு சொல்ற எல்ஸ் இல்ல, பேச்சி. அன்னைக்கு இட்லிப் பானையில சிவந்ததும் நாம ஆடின ஆட்டத்துல, ஆறினா என்ன ஆகும்னு பாக்கவே இல்ல. பதினாறு வருசம் எழுதின நானும் பிரியாணி வாங்கப் போயிட்டேன்."

பேச்சிக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பெரிய வாய் பேசிவிட்டு இவ்வளவு சின்னத் தப்பா! "உடனே எழுதிருவோம்க்கா. ஒரு வரிதான?" என்று விசைப்பலகையை இழுத்தாள்.

"ஒரு வரிதான். என்ன எண் போடப்போற? முப்பதுல நிறுத்திட்டு இருபத்தொன்பதே முக்காலுக்கு உடனே எழுப்பி விடுவியா? எந்தச் சூட்டுல திரும்ப எந்திரிக்கலாம்னு சட்டத்துலயும் இல்ல."

விரல் விசைமேல் நின்றது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. நிவேதிதா.

"முத்துப்பேச்சி, ஒண்ணும் பயப்படாதீங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்ற தப்புதான்" என்றாள், கனிவாக. "இருபத்தொன்பதரைன்னு போட்டுருங்க. போதும்."

அந்தக் கனிவில்தான் பேச்சிக்குக் கோபம் மறுபடியும் உச்சந்தலைக்கு ஏறியது.

"யாருக்குப் போதும்மா?"

"சாரி?"

"இருபத்தொன்பதரையில நீங்க நின்னு பாத்திருக்கீங்களா? அங்க உக்காந்து ஒரு எண்ணைச் சொல்லுதீங்க, இங்க ஒருத்தி நிக்கணும். என் விரல நம்பித்தான் அவ செத்தா. இன்னொரு தடவை எனக்குத் தெரியாத எண்ண நான் அமுக்கமாட்டேன். நீங்க வாங்க. உறை போட்டுக்கிட்டுத் தூரிகையப் பிடிச்சு எங்ககூட வரிசையில நில்லுங்க. உங்களுக்கு எப்போ போதும்னு படுதோ, அந்த எண்ண எழுதுதேன்."

ஹமீதா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "என் சம்மதம் இல்லாம யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதாம்மா கையெழுத்துப் போட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சி போனை வைத்தாள்.

நாலு நாள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். தகடுகள் வெளுத்துக்கொண்டே வந்தன. சேர்மராஜ் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு நிவேதிதா வந்து இறங்கினாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கை நிறையத் தண்ணீர் பாட்டில்கள். காளியம்மாள் மதினி உறையை மாட்டிவிட்டாள். கழுவத் தொடங்கியபோது ஈரச்சூடு இருபத்தைந்து. பேச்சி குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கேள்வி ஏதும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகட்டின் வெக்கை கீழிருந்து அடித்தது. அரை மணியில் நிவேதிதாவின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. அவள் பிடிவாதக்காரிதான், நிறுத்தாமல் தேய்த்தாள். நாற்பதாவது நிமிடத்தில் தூரிகை கைநழுவி விழுந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

சேர்மராஜ் ஓடிவந்து போனைப் பார்த்தார். "இருபத்தாறுதான் மேடம் காட்டுது. நீங்க பழக்கம் இல்லாதவங்க. இருபத்தொன்பதுன்னே போட்டுரலாம்."

நிவேதிதா தலையை உயர்த்தவில்லை. "இருபத்தாறுன்னே எழுதுங்க" என்றாள்.

பேச்சி மடிக்கணினியைக் கொட்டகை நிழலில் வைத்து அந்த ஒற்றை வரியைத் தட்டினாள். குறிகளை எல்லாம் மூடினாள். சேமித்தாள். இனிமேல் ஒரு தடவை சிவந்துவிட்டால், விடிகாலையிலோ அடைமழையிலோதான் மறுபடி வேலை நடக்கும். அது கம்பெனியின் பாடு. சந்தனமாரிக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அது இப்போது அவள் அண்ணன் வீட்டில் வளர்கிறது.

பேச்சி எழுந்துபோய், ஒரு பாட்டிலைத் திறந்து நிவேதிதாவின் கையில் கொடுத்தாள். கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

"நாப்பது நிமிசம்மா" என்றாள். "அம்புட்டுதான் ஆச்சு. ரெண்டு வருசத்துல அந்த நாப்பது நிமிசம் உங்க யாருக்கும் கெடைக்கலையா?"